வீட்டுக்கு ஏற்ற சின்ன றைபிள்

துப்பாக்கிக் கடையில் நிற்பவனுக்குப் பாதி வேலை, வாங்க வந்தவரின் வீட்டுக்காரியைச் சமாதானப்படுத்துவது. கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று வயிறு வளர்த்தவர்களே, நீங்கள் சேலை விற்றாலும் செருப்பு விற்றாலும் இது தெரிந்திருக்கும். காசு தருபவர் ஒருவர், தலையாட்ட வேண்டியவர் இன்னொருவர்.

நான் வேலை செய்யும் கடை, பிரெஞ்சு நாட்டில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் இருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. வேட்டைக்காரருக்கும், குறிபார்த்துச் சுடும் கழகத்தாருக்கும் வேண்டிய சாமான்கள் விற்கும் கடை. கூட்டித் துடைக்கச் சேர்ந்தவன், மொழி பிடிபட்டதும் மேசைக்கு வந்தேன். வெடிச்சத்தத்துக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்தவன் இந்தத் தொழிலில் ஏன் நிற்கிறான் என்று என்னை நானே கேட்டிருக்கிறேன். வேலை கிடைத்தது, நின்றேன் என்பதுதான் பதில். ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்தக் கேள்வி கொஞ்சம் தள்ளி நிற்கிறது. பழைய முகங்கள்தான் கிட்ட வருகின்றன.

தாழ்ப்பாளின் பயன்

மேசைக்கு வந்த புதிதில் வடக்கே இருந்து ஒரு விவசாயியும் மனைவியும் வந்தார்கள். கோவாப் பாத்தியை மேயும் முயல்களைச் சுட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு கடதாசி அட்டையில் குறி பார்க்கவும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி. இருபத்திரண்டு என்ற சின்னக் குழல் அளவு போதும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. தோளில் இடிக்காது, சத்தம் குறைவு, அதற்குப் போடும் ரவையும் மலிவு. ஆனால் விசையை அழுத்த அழுத்தத் தானாக அடுத்த ரவை ஏறிச் சுடும் வகைதான் வேண்டுமென்று நின்றார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

நான் கணவரை விட்டுவிட்டு மனைவியிடம் பேசினேன். வீட்டுக்கு ஏற்றது, ஒவ்வொரு முறையும் கையால் திறந்து மூடுகிற றைபிள். கதவுத் தாழ்ப்பாள் போன்றதுதான். பிரெஞ்சிலும் அதற்கு அந்தப் பெயரே. ஒரு வெடி வைத்ததும் திறந்து, சுட்ட ரவையின் வெறும் கோதை வெளியே தள்ளி, மறுபடி மூட வேண்டும். பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். பக்கத்தில் நிற்கும் தாய்க்கு அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தூரத்திலேயே தெரியும். அவர் கையை அவிழ்த்து, அதைத் தானே இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இவருடைய வாய்க்கும் பொருத்துகிற மாதிரி ஒன்று வைத்திருக்கிறீர்களா?"

ஒபர்வில்லியே எலிகள்

எங்கள் ஆட்கள் கடைக்கு வருவது அபூர்வம். வந்தாலும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருநாள் லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவர் துணிந்து உள்ளே வந்தார். ஒபர்வில்லியேயில் அவருக்கு அரிசி மூட்டை அடுக்கிய களஞ்சியம் ஒன்று இருந்தது. எலி பூனைக்கு மசியவில்லை, பொறிக்கும் மசியவில்லை, அதனால் சின்னதாக ஒரு றைபிள்.

கொங்கிறீற் சுவருக்குள் சுட்டால் ரவை எலியை விட்டுவிட்டு உங்களையே தேடி வரும் என்றேன். சிரித்தார். பிறகு, இந்த நாட்டில் இதை வாங்க ஒன்றில் வேட்டைப் பெர்மி என்ற அனுமதி வேண்டும், அல்லது கழக உரிமமும் வைத்தியர் கடிதமும் வேண்டும், வாங்கியதை அரசாங்கத்தில் பதிய வேண்டும், பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கதவைத் திறந்தபடி சொல்லிவிட்டுப் போனார்: "இவ்வளவு கடதாசி எண்டால், அண்ணை, எலிக்கு விசா எடுத்துக் குடுத்து வைச்சிருக்கலாம்."

மோர் குடிக்கிறவன்

பாண்டிச்சேரிக்காரர் ஒருவர், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மாதத்துக்கு ஒரு தரம் வருவார். பெரிய வேட்டைத் துப்பாக்கியின் இடியைத் தோள் தாங்கவில்லை என்று, பேரப்பிள்ளைகளோடு கழகத்தில் சுடச் சின்ன றைபிள் தேடினார். அவசரமே இல்லை. ஒன்றை எடுப்பார், கன்னத்தை அதன் மரத்தில் வைப்பார், கண்ணை மூடித் திறப்பார், வைத்துவிடுவார். கண்ணைத் திறக்கும்போது குறி தானாக எதிரில் நிற்க வேண்டுமாம். கழுத்தை நீட்டிக் குறியைத் தேட வேண்டி வந்தால் அந்தத் துப்பாக்கி உனக்கு அளவில்லை என்பார். அவரிடம் பார்த்துத்தான் நானும் வாடிக்கையாளருக்கு அதைச் செய்து காட்டப் பழகினேன். இப்போது அவர் இல்லை. யாராவது கன்னத்தை மரத்தில் வைத்துக் கண்ணை மூடும்போது அவர் நினைவு வரும்.

ஒருநாள் என் வீட்டில் எத்தனை வைத்திருக்கிறேன் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பாமல் திரும்பக் கேட்டார். அதே பதில்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாராயக் கடைக்காரன் மோர் குடிக்கிற மாதிரி இருக்குது, தம்பி."

விளையாட்டுச் சாமான் கடை

மோருக்குக் காரணம் என் மனைவி வசந்தி. லாச்சப்பலில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. என் வேலையை அவள் ஒருநாளும் பழித்ததில்லை, பெயர் சொன்னதும் இல்லை. உறவினர் கேட்டால் விளையாட்டுச் சாமான் கடை என்பாள். துப்பாக்கி, புறநகர் சார்செல்லில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது பேசாமலே ஆன சட்டம்.

அதை உடைக்க வந்தது எங்கள் மகள் ஆரணி. பள்ளித் தோழியோடு குறிபார்த்துச் சுடும் கழகத்துக்குப் போகத் தொடங்கியவள், பதினைந்து வயதில் கழகத்துச் சின்ன றைபிளைவிட வளர்ந்துவிட்டாள். தோளில் ஊன்றும் தோள்கட்டை அவளுக்கு நீளம் காணாது, கழுத்து நோகிறது. இலையுதிர் காலத்தில் முதல் போட்டி. சொந்தமாக ஒன்று இல்லாமல் அதில் நின்று பயனில்லை என்று பயிற்சி தருபவரும் சொல்லிவிட்டார். ஆரணி பிரெஞ்சில் கெஞ்சினாள். வசந்தி தமிழில் மறுத்தாள். நடுவில் இருந்த நான், கடையில் எத்தனையோ பெண்களைச் சமாதானப்படுத்தியவன், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். வசந்தி என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள்: "சத்தம் கேட்டு ஓடி வந்தனாங்கள். அதைக் காசு குடுத்து வீட்டுக்குள்ளை கூப்பிடுறதோ?"

அவள் பிழையா சொன்னாள்? பிள்ளை பிழையா கேட்டாள்?

சில கிழமைகள் கழித்து, ஆரணி சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போனதால் வசந்தி அதைக் கழகத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று மகளைப் பார்த்திருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தேவாரம் படிக்கேக்கையும் உவள் இப்பிடி ஆடாமல் நிண்டதில்லை. வாங்குங்கோ. ஆனால் இரும்புப் பெட்டித் திறப்பு என்னட்டைத்தான் இருக்கோணும்."

முகர்ந்து வாங்கியது

ஆரணிக்கு வயது காணாததால் றைபிள் என் பெயரில். அன்று நான் மேசையின் மறுபக்கம் நின்றேன். எங்களுக்கு விற்றவர் என்னோடு வேலை செய்யும் ழெரார். வேட்டைக்குத் தூக்கி நடக்க வேண்டுமானால் பாரம் குறைந்தது, நின்று குறிபார்க்கக் கொஞ்சம் பாரமானது, பாரம் இருந்தால் கை நடுங்காது என்று நான் வழக்கமாகச் சொல்வதையே எனக்குச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வசந்தி ஆட்டவில்லை. ழெரார் எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் சந்தையில் மரக்கறி தெரிந்தெடுப்பது போலச் சோதித்தாள். மரத்தைச் சுண்டிப் பார்த்தாள், அடிப்பக்கத்தைத் திருப்பினாள், குனிந்து மூக்கை வைத்தாள். இது என்ன எண்ணெய், கையில் ஒட்டுமா, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள். கடைசியில் தோள்கட்டையை நீட்டிக் குறைக்கக்கூடிய ஒன்றைத் தொட்டாள். பிள்ளை இன்னும் வளருமே என்பது அவள் கணக்கு. ஆரணி அதைத் தோளில் வைத்துக் கண்ணை மூடித் திறந்தாள். கழுத்து அசையவில்லை. ழெரார் என் காதில் சொன்னார்: "உன் மனைவிக்கு இங்கே வேலை போட்டுக் கொடுத்தால் நாம் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

சரஸ்வதி பூசை

அந்த வருடம் சரஸ்வதி பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீட்டு வழக்கத்தில், புத்தகங்களையும் தொழிற்கருவிகளையும் முதல்நாள் மாலையே சாமிக்கு முன்னால் வைத்துவிடுவோம். விஜயதசமி விடியும்வரை தொடக்கூடாது. சனி மாலை நான் வீட்டுக்கு வந்தபோது ஆரணியின் புத்தகங்கள், வசந்தியின் சமையற்கத்தி, என் திருகாணிச் சாவிகள் எல்லாம் படத்தின் முன்னால் இருந்தன. அவற்றுக்கு நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்தபடி, றைபிள். கழற்றிய தாழ்ப்பாள் தனியாக ஒரு வெற்றிலையில்.

யாரும் வசந்தியை அப்படி வைக்கச் சொல்லவில்லை. பின்னால் வந்த ஆரணி படத்தைப் பார்த்தாள், றைபிளைப் பார்த்தாள். போட்டி நாளைக் காலை என்றாள். வசந்தி அது அடுத்த ஞாயிறு என்று நினைத்திருந்தாள்.

வைத்தது வைத்ததுதான் என்றாள் வசந்தி. ஆரணி அழவில்லை, அறைக்குள் போய்விட்டாள். வசந்தி பிடிவாதம் பிடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பொருளைச் சாமியுடையதாக்கித்தான் அவளால் அதோடு ஒரே கூரையின் கீழ் படுக்க முடிந்தது. எடு என்று நான் சொன்னால் அந்தப் பயத்தை மிதிப்பேன். விடு என்றால் பிள்ளையின் ஒரு வருடப் பயிற்சியை. கடையில் இருந்து வேறொன்று கொண்டுவரலாம், ஆனால் பழகாத றைபிளோடு போட்டியில் நிற்பது இரவல் கண்ணாடி போட்டு வாசிப்பது போல. ஒன்றும் செய்யாமல் படுத்தேன்.

காலையில் வசந்தி முழுகிவிட்டு, வேளைக்கே பூசையை முடித்து, கடலையும் அவலும் தந்தாள். ஆரணி கழகச் சட்டையோடு சாப்பாட்டு மேசையடியில் இருந்தாள், அவலைத் தொடவில்லை. வசந்தி அவளைப் பார்த்தாள். பிறகு சரஸ்வதி படத்தைச் சுவரில் இருந்து கழற்றி, பட்டுத் துண்டொன்றில் சுற்றினாள். "பூசையிலை இருந்து எடுத்தால்தானே குற்றம். பூசையோடையே போவம். நீங்கள் றைபிளை எடுங்கோ."

போட்டியில் பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு நினைவிருப்பது தொடங்குவதற்கு முந்திய நிமிடங்கள். றைபிளைச் சோதித்த நடுவர், உயரமான ஓர் அம்மா, மரத்தில் இருந்த சந்தனத்தைத் தொட்டு விரலை முகர்ந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தந்துவிட்டார். பார்வையாளர் வாங்குப் பலகையில் வசந்தி, சுற்றிய துண்டை விலக்கிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் சுடாத வெடிக்கே என் கையைப் பிடித்திருந்தாள். அங்கே இருக்கும் எல்லாரும் காதுக்கவசம் போட வேண்டும் என்பது சட்டம். நடுவர் எங்களுக்கு இரண்டு கொண்டுவந்தார். வீணையோடு இருப்பவர் யார் என்று கேட்டார். எங்கள் வீட்டு ஆசிரியை என்று வசந்தி தன் சமையலறைப் பிரெஞ்சில் சொன்னாள். நடுவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் அவர் அடுத்துக் கேட்டதற்கு வசந்தி சிரித்த சிரிப்பில், என் கையை விட்டதும், முதல் வெடி போனதும் அவளுக்குத் தெரியவில்லை. "அவருக்கும் ஒன்று தரட்டுமா, மேடம்?"

வீட்டுக்கு ஏற்ற சின்ன றைபிள் எது என்று கேட்பவர்களுக்குப் பாரம், நீளம், தாழ்ப்பாள் என்று இன்றும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எங்கள் வீட்டுக்குள் அதை விட்டது என் விளக்கம் ஒன்றுமில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.