மூடி போடாத ஆம்ப்ளிஃபயர்

அஸென் தன் ஆம்ப்ளிஃபயருக்கு மூடி செய்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல கனமான தகடு, நாலு மூலையிலும் திருகு ஓட்டை, கறுப்புப் பெயின்ட். மகளுக்குக் கல்யாணமாகி வர்னாவுக்குக் குடிபோன பிறகும் அந்த மூடி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தே நின்றது. ஆம்ப்ளிஃபயர் சமையலறை ஜன்னலோரம் வயிற்றைத் திறந்துபோட்டபடி பாடிக்கொண்டிருந்தது.

ரூஸெ நகரத்து லிஃப்டுகளைப் பழுதுபார்த்தே ஓய்வுபெற்றவர் அவர். லிஃப்ட் ஏற வேண்டும், இறங்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. அத்தோடு வேலை முடிந்தது. ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் அப்படி ஒரு முடிவு கிடையாது. ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் பாடகி மூச்சு இழுப்பது கேட்கும். கேட்ட கையோடு மேளத்தின் தோல் தளர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். அதற்காக ஒரு கெபாசிடரை மாற்றுவார். மாற்றியதும் வயலின் கொஞ்சம் கீச்சிடும். கழித்துப்போட்ட லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய, சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினிய ஹீட்சிங்கையும், கையால் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரையும் தவிர முதலில் போட்ட பாகம் எதுவும் அதில் மிச்சமில்லை.

"நானாவது பழைய ஆள்தானா, இல்ல நடுவுல என்னையும் மாத்திட்டியா?" என்று மனைவி நெவெனா ஒருமுறை கேட்டார். அஸென் அடுத்த பாகத்தைப் பற்றவைக்கக் குனிந்தார். சால்டரிங் அயர்ன் கையில் இருந்தது.

நெவெனாவுக்கு வேறு உலகம். கூட்டமும் விழாவும் நடக்கும் பேட்டை வாசகசாலையின் பெரிய கூடத்தில் வியாழன்தோறும் அவருடைய குழு ஹோரோ ஆடும். கைகோத்து, வரிசையாய், கூடம் முழுக்கச் சுற்றிவரும் ஆட்டம். நர்சுகள், பஸ் டிரைவர்கள், கணக்காளர்கள் எல்லாம் வேலை முடிந்து வந்து ஆடுவார்கள். பாட்டெல்லாம் பதிவுதான், வாசகசாலையின் பழைய ஒலிபெருக்கிச் சாமான்களில் ஓடும். அந்த வசந்தகாலத்தில் அதன் ஆம்ப்ளிஃபயர் புகைந்து போனது. புதிது வாங்க வாசகசாலை தயாராக இல்லை. சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் பெட்டி வைத்திருந்த ஓர் உடற்பயிற்சிக் குழு அந்த வியாழக்கிழமையைத் தங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்டது. இரண்டு குழுவும் ஆளுக்கொரு மாலை ஆடிக்காட்டட்டும், பார்த்து முடிவுசெய்கிறோம் என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்த நெவெனா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரத்துக்குப் போய் நின்றார்.

"இது எனக்கு வேணும். ஒரே ஒரு சாயங்காலம்."

அது இன்னும் முடியவில்லை என்றார் அஸென்.

"நம்ம பொண்ணே வீட்டை விட்டுப் போயாச்சு அஸென். இதுக்கு மட்டும் இன்னும் வயசு வரலையா?"

கூடம் போய்விட்டால் அந்தக் குழு கலைந்துவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வேறு இடத்தில் அத்தனை பேர் கைகோத்துச் சுற்ற முடியாது. நெவெனா அதைச் சொல்லிக் கெஞ்சவில்லை. சொல்லியிருந்தால் அஸெனுக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும். அஸென் ஃப்ரிட்ஜை நகர்த்தி மூடியை வெளியே எடுத்தார்.

நாலு திருகையும் முடுக்கினார். முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது எல்லோரும் செய்வதுபோல, நடுவே ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டார். உள்ளே ஏதாவது தப்பாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பாகங்கள் பிழைக்கும். பல்பு ஒரு கணம் மின்னிவிட்டு அடங்கி லேசாகச் சிவந்தது. நல்ல சகுனம். காபி போடப் போனார். திரும்பி வந்தபோது பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மூடிமேல் வைத்த கையை அதே வேகத்தில் எடுத்தார்.

லூபெனுக்குப் போன் போட்டார். லூபென் ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர், அவரும் இதே வியாதிக்காரர்தான்; வீட்டில் மூன்று ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறார், ஒன்றுக்கும் மூடி கிடையாது. பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா ஒரு துண்டைத் தின்றுகொண்டே வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எண்ணெய் விரலால் சுட்டிக்காட்டினார்.

பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஒரு சின்ன மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு பயாஸ் என்று பெயர். அது குறைந்தால் மெல்லிய ஒலி கரகரக்கும். டிரான்சிஸ்டர் சூடேறினால் அந்தக் கசிவு கூடும். கசிவு கூடினால் சூடு இன்னும் ஏறும். அதை அடக்கத்தான், சூட்டை உணரும் குட்டி டிரான்சிஸ்டர் ஒன்றை ஹீட்சிங்கோடு சேர்த்து முடுக்க வேண்டும். அஸென் அதை போர்டிலேயே நிற்கவைத்திருந்தார். அடிக்கடி பாகங்களைக் கழற்றுகிற ஆளுக்கு அதுதான் வசதி. தற்காலிகம் என்று நினைத்துத்தான் செய்தார். ஜன்னல் காற்று பட்டுக்கொண்டே இருந்ததால், இத்தனை வருஷமும் அந்தத் தவறு வெளியே தெரியவில்லை.

"டேய், நீ கட்டினது ஆம்ப்ளிஃபயர் இல்லடா. ஆம்ப்ளிஃபயரும் ஜன்னலும் சேர்ந்த ஒண்ணு," என்றார் லூபென். "ஜன்னலையும் பேத்து எடுத்துட்டுப் போ."

அன்று மதியமே குட்டி டிரான்சிஸ்டரை ஹீட்சிங்கில் முடுக்கினார்கள். மூடியில் காற்றுக்கு வரிசையாகத் துளைகள் போட்டார்கள். அந்தக் கசிவைக் கூட்டிக் குறைக்கும் பயாஸ் திருகுக்கு நேர்மேலே ஒரு துளை, மூடியைக் கழற்றாமலே திருப்புளியை விட்டுத் திருப்ப. இப்போது சூடு ஓர் இடத்தில் நின்றது. ஆனால் பழைய அளவில் வைத்தால், ஆட்கள் நிறைந்த கூடத்தின் புழுக்கத்தை அது தாங்காது. பயாஸைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தார். பெட்டி குளிர்ந்தது. மெல்லிய இடங்களில், புல்லாங்குழல் அடங்கி ஒலிக்கும்போது, சத்தத்தில் பொடி மணல் விழுந்தது.

லூபெனுக்கு அது கேட்கவில்லை. நெவெனாவுக்கும் கேட்கவில்லை. அஸெனுக்குக் கேட்டது, அதைக் கேட்காமலிருக்கத்தானே அத்தனை வருஷமும் உழைத்தார்.

ஆட்டத்தன்று கூடத்தின் ஓரத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திருப்புளி சட்டைப் பையில் இருந்தது. முன்வரிசையில் நிர்வாகக் குழு. நெவெனா வரிசைக்கு முதல் ஆளாகக் கைக்குட்டையோடு நின்றார். முதல் பாட்டு தனிப் புல்லாங்குழலில் தொடங்கியது. மணல் விழுந்தது. அஸென் திருப்புளியை எடுத்துத் துளைக்குள் விட்டார். நுனி திருகின் காடியில் உட்கார்ந்தது. கால் சுற்று போதும், மணல் போய்விடும். அப்புறம் பத்துப் பாட்டுக்குள் பெட்டி படுத்தாலும் படுத்துவிடும்.

அதற்குள் மேளம் சேர்ந்துகொண்டது. வரிசை நகர்ந்தது. நாற்பது ஜோடிக் கால்கள் பலகைத் தரையில் ஒன்றாக விழுந்தன. அந்த அதிர்வு நாற்காலிக் கால் வழியாக அவர் முதுகில் ஏறியது. பாட்டு இரண்டாம் சுற்றுக்குப் போனது, அதன் பிறகு மூன்றாவது. நடுவில் கிளாரினெட் ஒன்று வந்து மேளத்தோடு வம்பு பண்ணிவிட்டுப் போனது. அப்படியொரு கிளாரினெட் அந்தப் பாட்டில் இருப்பதே அஸெனுக்குத் தெரியாது. இந்தப் பாட்டை அவர் நூற்றுக்கணக்கான தடவை போட்டிருக்கிறார், எப்போதும் தொடக்கத்தை மட்டும். புல்லாங்குழலைக் கேட்பார், நிறுத்துவார், எதையாவது மாற்றுவார், மறுபடி முதலிலிருந்து போடுவார். முழுசாக அதை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது நிறுத்த வழியில்லை. அத்தனை கால்கள் அதன்மேல் நின்றன.

கையில் திருப்புளி இருந்ததை இரண்டாவது பாட்டில்தான் கவனித்தார். உருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசிப் பாட்டு முடிந்தபோது பெட்டி கதகதப்பாக இருந்தது, அவ்வளவுதான். நிர்வாகக் குழு ஜன்னலோரம் கூடிப் பேசியது. தலைவி நேராக நெவெனாவிடம் வராமல் அஸெனிடம் வந்தார்.

"அஸென் அண்ணே, வியாழக்கிழமை உங்க வீட்டம்மாவுக்குத்தான். ஆனா ஒண்ணு, இந்தப் பெட்டி இங்கயே இருக்கணும். மத்த நாள்ல பள்ளிக்கூட விழா, கூட்டம் எல்லாத்துக்கும் எங்களுக்கு இது வேணும்."

அஸென் அதை எதிர்பார்க்கவில்லை. நெவெனா வியர்வையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"இஷ்டமில்லன்னா சொல்லிடு," என்றார் தாழ்ந்த குரலில். "நான் வேற ஏதாவது பாத்துக்கறேன். நிஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னார். அது அஸெனுக்குத் தெரிந்தது. அவர் பெட்டியின் பின்பக்கம் குனிந்து ஸ்பீக்கர் ஒயர்களை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தலைவியைப் பார்த்தார்.

"மேல எதையும் வைக்காதீங்க," என்றார். "காத்து போகணும்."