எங்கப்பா நெய்த தொட்டில் துணி

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு மணத்தில் எனக்கு மறுபடி ஏழு வயது.

1930களில், இதேபோல் வெள்ளையடித்த ஈரம் காயாத ஒருநாள், அனாதை இல்லத்து மேட்ரன், கொடுமுடியில் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். பிடித்திருந்தால் எங்களுக்குத் தத்தாக ஒரு தங்கச்சிப் பாப்பாவைத் தருவார். அப்பா ஜெயிலுக்குப் போனவர் என்று மூச்சுவிடக் கூடாது என்றாள் அம்மா. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை.

"தொட்டில் துணி எங்க வாங்குனீங்க?" என்றார் மேட்ரன்.

"எங்கப்பா நெய்ததுங்க! ஜெயில்ல கத்துக்கிட்டாருங்க!" என்று துள்ளினேன்.

அம்மா வெளிறிப்போனாள். அப்பா, "நெசந்தானுங்க. கெணத்துத் தகராறுல ஒருத்தரை வெட்டிப்போட்டேனுங்க" என்றார்.

மேட்ரன் துணியைப் பலமாக இழுத்துப் பார்த்தார். "புள்ளையத் தாங்கும்" என்றார்.

அந்தத் தங்கைதான் இப்போது வெள்ளையடிப்பவரை விரட்டுகிறாள்: "ஏனுங்க, பெட்டிய மூடிப்போட்டு அடிங்க! உள்ள எங்கப்பா நெய்த துணி இருக்குதுங்க!"