திருப்பி அனுப்பிய பலகைகள்

அந்த லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தது மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிற மனிதர் சாயங்காலம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். சந்தோஷமோ வருத்தமோ, எதையும் வாயைத் திறந்து சொல்லாத மனிதர். ஊருக்கு அது நல்ல குணம். கூடக் குடித்தனம் நடத்துகிறவளைக் கேட்டால் வேறு கதை சொல்வாள்.

அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. தெருமுனைக் கடையிலேயே கம்ப்யூட்டர் கிடைக்கிற காலத்தில் அவர் தன் கையாலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அதுவும் வாங்கி வந்த பாகங்களைச் சேர்த்து அல்ல, ஒவ்வொரு ட்ரான்சிஸ்டராக. ட்ரான்சிஸ்டர் என்பது பயறைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சாமான், ஒரு பக்கம் தட்டை முகம், மூன்று கம்பிக் கால்கள். நடுக்காலைக் கொஞ்சம் மின்சாரம் தொட்டால் ஓரக்கால்கள் இரண்டுக்கும் இடையே வழி திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஒரு கதவு, அவ்வளவுதான். நம் போனுக்குள் அப்படிக் கோடிக்கணக்கான கதவுகள் கண்ணுக்குத் தெரியாமல் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. அவரோ கண்ணுக்குத் தெரிகிற கதவுகளைச் சின்னப் பலகைகளில் வரிசையாகப் பற்றவைத்து, பலகைக்கு ஒரு சிவப்பு விளக்கும் வைத்து, உள்ளறைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்.

“எதுக்கு மாப்ளே இந்த வேண்டாத வேலை?” என்று மனைவியின் அண்ணன் ஒருமுறை போனில் கேட்டார்.

“வேலையில கெட்டுப்போன போர்டைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டறதோட சரி மச்சான். உள்ள என்னதான் நடக்குதுன்னு ஒரு தடவையாவது கண்ணால பாத்துடணும்” என்றார் இவர். அவர் வாழ்க்கையில் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

மனைவி சட்டைக் கம்பெனியில் செக்கர். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேசைக்கு வரும். அவள் முன்பக்கம் பார்ப்பதற்கு முன்னால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். சட்டையின் லட்சணம் உள்தையலில்தான் தெரியும் என்பாள். ஒரு தையல் விட்டிருந்தாலும் சட்டை திரும்பிப் போகும். தன் மேசையைத் தாண்டி இதுவரை ஒரு தப்பும் வெளியே போனதில்லை என்பது அவளுக்கு நகைநட்டைவிடப் பெரிய சொத்து. வீட்டிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. கணவர் பற்றவைத்த முதல் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, கொத்தனார் பூசின மாதிரி இருக்கு!” என்று சொன்னாள். அதோடு சரி, அவர் சுவரைப் பார்த்து உட்கார, அவள் டிவியைப் பார்த்து உட்கார, வருடங்கள் ஓடின.

நடுவில் ஒரு லிஃப்ட் குழிக்குள் வழுக்கி விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் கண்டு அவளுக்கே பொறுக்கவில்லை.

“கொடுங்க, நான் பண்றேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க.”

சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைப் பேனா மாதிரி பிடித்தாள். அவர் இடது கையால் ஈயக் கம்பியை நீட்டிப் பிடிப்பார், அவள் தொடுவாள், ஒரு சின்னப் புகை, ஒரு பளபளப்பான பொட்டு. வரிசையாக, ஒன்றுபோல் ஒன்று. ஒருவருக்கு அயர்ன், ஒருவருக்கு ஈயம் என்றால் சேர்ந்துதான் உட்கார வேண்டும், சேர்ந்து உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. கம்பெனியில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை அவர் தெரிந்துகொண்டார். சிரித்துச் சிரித்து ஒருநாள் அவள் விரலைச் சுட்டுக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் வேறு இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வழக்கம்போல அதையும் அவர் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த அன்று, “பாவம், உனக்கு எவ்வளவு தொந்தரவு” என்று அயர்னை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவள் எழுந்து போனாள். மறுபடி டிவி, மறுபடி சுவர்.

கடைசியில் எல்லாப் பலகையும் சுவரேறிய பிறகு தொடங்கியது வினை. இயந்திரம் மதியத்தில் ஒழுங்காகக் கூட்டும், காலையில் சொதப்பும். நாம் கூட்டும்போது “மீதி ஒன்று” என்று அடுத்த வரிசைக்கு எடுத்துப் போகிறோம் அல்லவா, அந்த மீதியை வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டு வந்து நிற்கும். எந்தக் கதவு திறக்க மறுக்கிறது என்று அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். தன் பலகைகளை ஒன்று விடாமல் கழற்றினார், பிரித்தார், மறுபடி பற்றவைத்தார். மாதங்கள் போனதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் மச்சானுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனது. பார்த்துக்கொள்ள ஆளில்லை, தங்கை வீட்டுக்கு வருகிறார். அவர் படுக்க உள்ளறை வேண்டும்.

“அண்ணன் வெள்ளிக்கிழமை வருது” என்றாள் மனைவி. “அதுக்குள்ள இது ஓடுச்சுன்னா ஹால் சுவர்ல மாட்டிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஓடலன்னா சாக்குல கட்டிப் பரண்ல போட்டுருங்க. ஓடாத ஒண்ணுக்கு நீங்க இப்படி இளைச்சுப் போறத என்னால பாக்க முடியல.”

பரணுக்குப் போன எதுவும் அந்த வீட்டில் திரும்பி வந்ததில்லை.

இதே கிறுக்குப் பிடித்த இன்னொருவர் ஊரில் இருந்தார், ஒரு பல் டாக்டர். அவர் வீட்டிலும் இப்படி ஒரு சுவர் பாதி கட்டி நின்றது. அவருக்குப் போன் போட்டார்.

“சூடானா ஓடுது, குளுந்தா படுத்துக்குது. அப்ப எங்கயோ ட்ரான்சிஸ்டர் பலம் பத்தாம நிக்குது” என்றார் டாக்டர். “முடி காய வைக்கிற மெஷினை ஒவ்வொரு பலகையா காட்டிப் பாத்தீங்களா?”

“என் பலகை எல்லாத்துக்கும் காட்டிட்டேன் டாக்டர்.”

“உங்க பலகைன்னா? மத்தது யாரோடது?”

“ஜன்னலோரம் அஞ்சு பலகை இருக்கு. அது எங்க வீட்ல பண்ணது. அதுல தப்பே இருக்காது. நீங்க வந்து பாக்கணும், முத்துக் கோத்த மாதிரி இருக்கும்.”

“நான் பல்லு பாக்கறவன். வெளிய முத்து மாதிரி இருக்கறதுலதான் உள்ள சொத்தை இருக்கும். காட்டிப் பாருங்க” என்றார் டாக்டர்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆமாம், எதையும் வெளியே காட்டாத அந்த மனிதருக்குத்தான். போனை வைத்துவிட்டு அன்று முழுக்க அந்தப் பலகைகள் பக்கம் போகவில்லை. ஆனால் மறுநாள் திங்கட்கிழமை, வானம் மூடியிருந்தது. மதியமாகியும் இயந்திரம் தப்பாகவே கூட்டியது. மதிய வெயில் எந்தப் பக்கம் விழும் என்று அப்போதுதான் யோசித்தார். ஜன்னலோரம்.

மனசில்லாமல் அந்த ஐந்து பலகைகளுக்கும் சூடு காட்டினார். மீதி ஒன்று விளக்கு விளக்காகத் தாண்டிக் கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

கழற்றிப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. பழைய பாக்கெட் தீர்ந்து, கட்டுக் கையோடு அவர்தான் வேறு கம்பெனி பாக்கெட் வாங்கி வந்திருந்தார். அதில் நடுக்கால் அதே இடம். ஓரக்கால்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். அவள் அவர் சொல்லிக்கொடுத்தபடியே தட்டை முகம் ஒரே பக்கம் பார்க்க நட்டிருக்கிறாள். ட்ரான்சிஸ்டரின் குணம், ஓரக்கால்கள் மாறி நட்டாலும் சும்மா இருக்காது; துருப்பிடித்த கதவு மாதிரி அரைகுறையாகத் திறக்கும், சூடு பட்டால் கொஞ்சம் கூடுதலாக. அதனால்தான் இத்தனை மாதம் ஆட்டம் காட்டியது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்றால், இவருக்கு அவள் பலகை பொன் பலகை. கண் எதிரே மாட்டிவைத்துவிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறார்.

ஆனால் அவளிடம் எப்படிச் சொல்வது? பாக்கெட் வாங்கிய தப்பு தன்னுடையதுதான். இருந்தாலும் பற்றவைத்த கை அவளுடையது. தப்பே போகாத மேசை அவளுடையது. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார். செவ்வாயும் புதனும் உடம்பு சரியில்லை என்று வேலைக்கு மட்டம் போட்டார். அவள் கம்பெனிக்குப் போனதும் ஒவ்வொரு ட்ரான்சிஸ்டராகப் பிடுங்கி, திருப்பி, மறுபடி நட்டார். ஐந்து பலகையும் சுவருக்குத் திரும்பின.

வியாழக்கிழமை காலை, நல்ல குளிரில், அவளை அழைத்துக் காட்டினார். பொத்தானை அழுத்தியதும் விளக்குகள் வரிசையாக ஓடிச் சரியான விடையில் போய் நின்றன. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“எப்படிங்க சரியாச்சு?”

“என் பலகை ஒண்ணுல ஒரு கம்பி விட்டிருந்துச்சு.”

“நான் பண்ணது?”

“அது மொதல்லேர்ந்தே நல்லாத்தான் இருந்துச்சு.”

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஹாலுக்கு மாற்ற அவளே வந்து நின்றாள். அவர் ஏணியில் ஏறிக் கழற்றிக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். ஜன்னலோரப் பலகை கைக்கு வந்ததும் ஆசையாகத் திருப்பினாள். திருப்பாமல் இருப்பாளா? அது அவள் தொழில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் ஏணியில் அப்படியே நின்றார்.

“இது என் கை இல்லையே” என்றாள்.

அடுத்ததைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் கொத்தனார் பூச்சு.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“திங்கக்கிழமை.”

“ஏன் சொல்லல?”

“தப்பு உன் மேல இல்ல, நான் வாங்கின பாக்கெட்டு. உன் மேசையைத் தாண்டித் தப்பே போனதில்லன்னு சொல்லுவியே... மனசு கஷ்டப்படுவியேன்னு...”

அவள் பலகையைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“என் மேசைக்கு வர்ற சட்டையில தப்பு இருந்தா நான் என்ன செய்வேன் தெரியுமா? தச்சவகிட்டயே திருப்பி அனுப்புவேன். அவளே பிரிச்சு அவளே தைப்பா. அவளுக்குத் தெரியாம நான் ஒட்டுப் போட்டு அனுப்பினா, நாளைக்கு அவ எப்படி நிமிந்து உக்காந்து வேலை செய்வா? யானைக்கும் அடி சறுக்கும். எனக்குச் சறுக்கக் கூடாதா?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கட்டுப் பிரிச்ச அன்னிக்கே அயர்னை வாங்கிட்டுப் போயிட்டீங்க. நான் தொந்தரவுன்னு எப்பங்க சொன்னேன்?”

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். இந்த முறை சொல்ல வேண்டியதை விழுங்கவில்லை.

“அந்த நாளெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு” என்றார். “மறுபடி எப்படிக் கேக்கறதுன்னு தெரியல.”

அவள் சாப்பாட்டு மேசைக்குப் போனாள். மேசையில் பழைய துணியை விரித்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

“திருப்பி அனுப்புங்க, அஞ்சையும். நீங்க ஈயத்தைப் பிடிங்க.”

வெள்ளிக்கிழமை மச்சான் வாடகைக் காரில் வந்து இறங்கி, அக்கம்பக்கத்தார் தாங்கிப் பிடிக்க, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். உள்ளறை காலியாக, படுக்கை விரித்துத் தயாராக இருந்தது. ஹால் சுவரில் பாதிதான் ஏறியிருந்தது. ஐந்து பலகை முடிந்த பிறகும் தங்கை விடவில்லை. கணவர் பற்றவைத்த பழைய பலகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பாதிக்கு மேல் அவரிடமே திருப்பி அனுப்பியிருந்தாள். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு பிரித்துக்கொண்டிருந்தார். ஈயக் கம்பி இப்போது அவள் கையில் இருந்தது.

“என்னம்மா, ஓடலியா இது?” என்றார் மச்சான், நாற்காலியில் சாய்ந்தபடி.

“அதெல்லாம் நேத்தே ஓடிருச்சுண்ணே” என்றாள் அவள், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இப்ப செக்கிங்ல இருக்கு.”