புதுவெள்ளத்தில் மயங்கிய மீன்

முதலில் வாய் ஊறியது. அடுப்பில் மீன் ஆணம் (குழம்பு) கொதித்துக்கொண்டிருந்ததால் பசி என்றே நினைத்தேன். பிறகு எச்சில் நிற்காமல் வடிந்தது. இமை துடித்தது. பட்டப்பகலில் வீடு இருண்டது. மடியில் என் கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

மண்டூரில் எங்கள் வளவுக்குப் பின்னாலுள்ள வாய்க்கால், வயல்வட்டையின் தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோகும். மாரி தொடங்கினால் புதுவெள்ளம் வாவியின் உவர்நீரில் கலந்து மீன் மயங்கி மிதக்கும். வருடாவருடம் கையாலேயே அள்ளுவோம். அன்று காலையும் கணவர் கூப்பிட்டார்.

"புதுத்தண்ணி வந்திட்டு புள்ள! மீன் மயங்கிக் கிடக்கு, ஓடி வா!"

இடுப்பளவு வெள்ளத்தில் நின்று அள்ளினேன். தாகத்துக்கு அதையே குடித்தேன். அவர் கரையில் கூடை பிடித்தார்.

என் கண் இருண்டதும் தோணியில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, பட்டினத்து ஆஸ்பத்திரியில் கைக்குழந்தையோடு என்னைச் சேர்த்தார். நல்லகாலம், ஆணத்தை ஒருவரும் வாயில் வைக்கவில்லை. டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார். என் கண்மணி (கருவிழியின் நடுத்துளை) ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்ததாம்.

"வயலுக்கு மருந்தடிச்சதா?"

"நேத்து மேல்வட்டையில அடிச்சவங்க ஐயா. மருந்துத் தொட்டியையும் வாய்க்காலிலதான் கழுவினவங்க. பிறகு நல்ல மழை. காலையில மீன் மயங்கிக் கிடந்தது, இவ இறங்கி அள்ளினவ," என்றார் கணவர்.

"அப்ப இது புதுத்தண்ணி மயக்கமில்ல. பூச்சிமருந்து. மழையோட எல்லாம் கீழ இறங்கியிருக்கு. தங்கச்சி, பிள்ளைக்குப் பால் குடுத்தீங்களா?"

தலையாட்டினேன்.

அத்ரோபீன் (அந்த நஞ்சின் வேலையைத் தடுக்கும் ஊசிமருந்து) ஏற்றினார்கள். வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு என்ன ஆகும் என்ற பயமே வரவில்லை. தாதி வரும்போதெல்லாம், "பிள்ளைட கண்ணப் பாருங்க மிஸி" என்று கெஞ்சினேன். ஒன்றுமில்லை என்றார்கள். நம்பவில்லை. கட்டிய பாலைப் பீச்சியபோது, அதை எங்கே ஊற்றுவது என்றுகூடப் பயந்தேன்.

இருவரும் பிழைத்தோம். ஊர் அதே வாய்க்காலில்தான் குளிக்கிறது. இதை வாசிக்கும் தாய்மாரே, கோடையில் குடித்த தண்ணீர்தானே என்று மாரியிலும் இருந்துவிடாதீர்கள். மேலே மருந்தடித்தார்களா என்று கேளுங்கள். எனக்கு இப்போது ஐப்பசி, கார்த்திகை எல்லாம் இல்லை. மருந்தடிக்கும் காலம், அடிக்காத காலம், அவ்வளவுதான்.

போன மாரியில் மகள் அடுப்படிக்கு ஓடிவந்தாள். இப்போது நன்றாகப் பேசுகிறாள்.

"அம்மா, ஆணம் மணக்குது. வாய் ஊறுது."

அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். தாடையைப் பிடித்துக் கண்களைப் பார்த்தேன். கண்மணிகள் சுருங்கியிருந்தன. வெளிச்சத்தில் எவருடைய கண்மணியும் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிடியை விடவில்லை.

"பசிக்குது அம்மா," என்று அவள் அழத் தொடங்கினாள்.