விருத்தாசலத்தில் செலின் எரித்த சூளை

பிப்ரவரி இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு விருத்தாசலம் போனேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஐந்து வருடமாக அங்குள்ள பாலினச் சமத்துவக் குழுவிலும் இருக்கிறேன். ஆண்டறிக்கை எழுதுவது என் தலையில் விழுந்த வேலை. எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், எத்தனை கருத்தரங்கு நடந்தது, மகளிர் தினத்தில் யார் பேசினார்கள் என்று எழுத வேண்டும். இந்த முறை கை ஓடவில்லை. பழைய விடுதித் தோழி கவிதாவிடம் போனில் புலம்பினேன். அவள் விருத்தாசலத்தில் ஒரு தனியார் கல்லூரியின் பீங்கான் துறையில் கௌரவ விரிவுரையாளர். “அறிக்கைய மூடி வச்சிட்டு வெள்ளிக்கிழம இங்க வாடி. எங்க பொண்ணுங்க மொத மொறயா சூளை எரிக்கப் போறாங்க” என்றாள்.

ரயிலில் சுமார் 125 கிலோமீட்டர். காலை 6.50க்கு ஏறி 9.05க்கு இறங்கினேன். முன்பதிவில்லாப் பெட்டியில் டிக்கெட் 65 ரூபாய். (ஜன்னலோரம் வேண்டுமென்றால் அரை மணி முன்னால் போங்கள்.) ஜங்ஷனிலிருந்து கல்லூரி நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

கல்லூரி பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் உற்சாகமாகிவிட்டார். “எம் பொண்ணும் அங்கதாங்க படிக்குது. கவருமெண்டு ஸ்கூல்ல படிச்சதால மாசம் ஆயிரம் வருது. டவுன் பஸ்ஸும் ஃப்ரீ. இல்லாங்காட்டி பன்னெண்டாவதோட வூட்லதான் இருந்திருக்கும்.” திட்டங்களால் என்ன நடந்துவிட்டது என்று சலித்துக்கொள்கிறவள் நான். இறங்கும்போது அந்த ஆயிரத்தை அறிக்கைக்காகக் குறித்துக்கொண்டேன்.

கவிதா துறை வாசலில் காத்திருந்தாள். சூளைக் கொட்டகைக்கு நடக்கும்போதே கதையைச் சொல்லிவிட்டாள். அவள் துறையில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் படித்து முடித்த பெண்கள் எல்லோரும் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வேலைக்கே போனார்கள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஆக வேண்டுமென்றால் சூளை எரித்த அனுபவம் பயிற்சிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். காலை ஒன்பதுக்குப் பற்றவைத்தால் முடிய இரவு ஒன்பது ஆகும். பெண்கள் விடுதிக் கதவு மாலை ஆறரைக்கு மூடினால் காலை நாலரைக்குத்தான் திறக்கும். ஆண்கள் விடுதிக்கு அப்படி நேரமே கிடையாது. ஆக, பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

இதைக் கேள்வியாக்கியவள் செலின் என்ற மூன்றாம் ஆண்டு மாணவி. கம்மாபுரம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். மகளிர் தினக் கோலப்போட்டி பற்றிப் பேச நடந்த கூட்டத்தில் எழுந்து, “கோலம் அப்புறம் போட்டுக்கலாம் மேடம், மொதல்ல ஹாஸ்டல் கேட்டு மூடுற நேரத்த மாத்துங்க” என்றாளாம். கதவு நேரம் மாறவில்லை. பெற்றோர் ஒப்பமாட்டார்கள் என்றது நிர்வாகம். “அப்ப சூளை நேரத்தயாவது மாத்துங்க, காலைல அஞ்சுக்கே பத்த வைக்கிறோம்” என்றாள். ஒரு மாதம் இழுபறி. கடைசியில் முதல்வர் ஒரே ஒரு முறைக்குச் சம்மதித்தார். சரியாக வராவிட்டால் பழைய நேரம்தான்.

நான் போனபோது சூளை 480 டிகிரியில் இருந்தது. செலினும் மூன்று தோழிகளும் கால் மணிக்கொரு முறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். சூளைப் பொறுப்பாளர் முருகேசன் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 1,200 டிகிரி வரவேண்டும்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு எண் 1,040இல் நின்றுவிட்டது. இருபது நிமிடம் அசையவில்லை. முருகேசன் எழுந்து வந்தார். செலின் குறுக்கே நின்றாள்.

“அண்ணே, நீங்க தொடாதீங்க. நீங்க தொட்டா, பொண்ணுங்களால முடியலன்னு எழுதிருவாங்க.”

அவர் ஒரு அடி பின்வாங்கினார். “சரிம்மா, கையக் கட்டிக்கிறேன். கேஸ மூடாம மட்டும் எதயும் கழட்டாத” என்று நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டார்.

செலின் மண்டியிட்டு ஒவ்வொரு பர்னராகப் பார்த்தாள். மூன்றாவதில் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. அதன் கேஸை மூடி, ஆறவிட்டு, முனையைக் கழற்றினாள். உள்ளே தூசி அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்து மாட்டினாள். கவிதாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. மறுபடி பற்றவைத்தாள். 1,041. அப்புறம் 1,055. நான்கு பேரும் கத்திய கத்தலில் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

5.50க்கு 1,200 வந்தது. எல்லாவற்றையும் அணைத்து, சரிபார்த்து முடிக்க 6.20. விடுதி பத்து நிமிட நடை. சிரித்துக்கொண்டேதான் ஓடினார்கள். அவ்வளவு பெரிய நெருப்பை ஆண்டவர்கள் ஒரு கதவுக்குப் பயந்து ஓடியதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு பேருந்து நிலையம் அருகே லாட்ஜில் தங்கினேன், அறை 900 ரூபாய். மறுநாள் காலை பழமலைநாதர் கோயில். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். மதியம் ஒரு மணிக்குச் சூளையைத் திறந்தார்கள். உள்ளே அடுக்கிய கோப்பைகளில் ஏழில் விரிசல், மற்றவையெல்லாம் பளபளவென்று இருந்தன. முருகேசன் பதிவேட்டைத் திறந்து, “முழுப் பேரா சொல்லும்மா, இனிஷியலோட” என்றார். முதல்வர் இனி மாதம் இரண்டு முறை காலைச் சூளை என்று சொல்லிவிட்டார்.

திரும்பும்போது ரயிலடியில் கவிதா ஒன்று சொன்னாள். தன் கல்லூரியின் சமத்துவக் குழுவுக்குச் செயலாளரான அவளுக்கே சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கிடைக்கவில்லை. அதற்கான மனு இன்னும் நிர்வாகத்தின் மேஜையில்தான் இருக்கிறது. ஆட்டோக்காரரின் மகளை உள்ளே கொண்டுவந்த திட்டம் பெரிது. உள்ளே வந்தவர்களுக்கு எந்த அறை, எந்த நேரத்தில் பூட்டியிருக்கிறது என்பதை எந்தத் திட்டமும் கேட்பதில்லை. என் அறிக்கையில் இந்த வருடம் அந்தக் கேள்வியைச் சேர்த்தேன். பெண்கள் விடுதி மூடிய பிறகு ஆண்கள் மட்டுமே போக முடிகிற எங்கள் கணினி ஆய்வகத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறோம்.

போகிறவர்களுக்கு: சூளை பார்க்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், பருத்தி உடை உடுத்துங்கள், தண்ணீர் இரண்டு பாட்டில். பீங்கான் சாமான் வாங்கினால் துணியில் சுற்றி மடியில் வைத்து வாருங்கள்.

நேற்று செலின் போன் செய்தாள். ஒரு தொழிற்சாலையில் சூளைப் பிரிவிலேயே வேலை கிடைத்துவிட்டதாம், ஆனால் பகல் ஷிப்டு மட்டும். “நைட் ஷிப்டு பத்தி அப்புறம் பாக்கலாம்னாங்க மேடம். அப்புறம்னா எந்த மாசம்னு கேட்டுட்டு வந்திருக்கேன்.”