ஐந்து ரூபாய் ஏற்றினேன், அக்கா இறங்கிவிட்டார்

புதுச்சேரி பக்கம் பாகூருக்கும் கன்னியக்கோவிலுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். டீசல் மறுபடியும் ஏறிவிட்டதால் இன்று காலை ஆளுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்டேன்.

எல்லோரும் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். மூன்று வருடமாக என் வண்டியில் வரும் செல்வி அக்கா மட்டும் கொடுக்கவில்லை. கன்னியக்கோவிலில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்.

"இன்னா தம்பி, எனக்குமா?"

"டீசல் ஏறிப்போச்சுக்கா. நான் இன்னா பண்றது?"

"எனக்கு சம்பளம் ஏறலியேப்பா."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். "சரி வுடு, நீயும் புள்ளகுட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

கூப்பிட வாயெடுத்தேன். ஒருத்தருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் வெயிலில் நடந்துகொண்டிருந்த அவரை என் வண்டி தாண்டியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கும் ஹாரன் அடிக்க மனம் வரவில்லை. அவர் இடம் கடைசிவரை காலியாகவே வந்தது.

சாயங்காலமும் அவர் வரவில்லை. நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார்.

கட்டணம் ஏற்றாமல் வண்டி ஓட்ட வழி தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள். "அவங்க பஸ்ஸில் போகலாமே" என்பவர்கள், அந்த பஸ் எப்போது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.