கோமதி மாமிக்குக் களைப்பு உண்டு

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். செல்பேசியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு குத்துவிளக்குப் படம், சுடர் அசைந்துகொண்டிருந்தது. விளக்குக்குக் கீழே வலியசாலை கோமதி மாமியின் பெயர், வயது, அதற்கும் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி: குடும்பத்துக்காகவும் அலுவலகத்துக்காகவும் ‘டயர்லெஸ்லி’ உழைத்தவர். மாமி போய்விட்டார் என்பது உறைக்கச் சற்று நேரமானது. அந்த வார்த்தை முதலில் உறைத்துவிட்டது. மனிதர்கள் அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் அப்படித்தான்.

அயராமல், ஓயாமல் என்று தமிழில் சொல்லலாம். எங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சொன்னால்தான் எடுபடும். ஒருவர் ஓய்வு பெறும் நாளில் மங்களபத்திரம் வாசித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பக்கப் புகழ்மொழி. கூடவே ஒரு சுவர்க்கடிகாரம், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி, மிக்சர், சாயா. பத்திரிகை வேலைக்குப் போகும் முன் நான் அங்கே தற்காலிக எழுத்தர். எனக்கு ஆங்கிலம் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டதில் மங்களபத்திரம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுதுவதென்ன, பழைய நகலை எடுத்துப் பெயரை மாற்றுவதுதான்.

அந்தக் கோப்பைத் திறந்தால் கார்பன் தாளும் கரப்பானும் கலந்த வாடை வரும். உள்ளே இருந்த அத்தனை பேரும் டயர்லெஸ்லி உழைத்தவர்கள். மதியம் முழுக்க மின்விசிறிக்கு நேர் கீழே உறங்கிய தங்கப்பன் சாரும் அப்படியே. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்கு மைத்துனரின் துணிக்கடையைக் கவனிக்கப் போனவரும் அப்படியே. கடையில் அவர் உண்மையாகவே அயராமல் உழைத்திருக்கக்கூடும், நான் விசாரிக்கவில்லை.

இவற்றையெல்லாம் தட்டச்சு செய்தது கோமதி மாமி. அலுவலகத்தின் ஒரே தட்டச்சர். விடியுமுன் எழுந்து, படுக்கையில் கிடந்த அம்மாவைத் துடைத்துவிட்டு, தம்பி குடும்பத்துக்கும் சேர்த்துச் சமைத்துவைத்து, நடந்தே வருவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயந்திரத்தின் ரெக்சின் உறைமேல் நெற்றியை வைத்துப் பத்து நிமிடம் தூங்குவார். எழுந்தால் உறையின் தையல் நெற்றியில் பதிந்திருக்கும். மூன்று மணி வரை அந்தத் தையலோடுதான் எங்களிடம் பேசுவார். யாரும் சிரித்ததில்லை.

இன்னொரு தட்டச்சர் வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். இரண்டு முறையும் சூப்பிரண்டெண்ட் சிரித்துக்கொண்டே மலையாளத்தில் ஒரே பதிலைச் சொன்னார்: “கோமதியம்மைக்கு க்ஷீணமே இல்லல்லோ.” களைப்பு என்பதே இவருக்குக் கிடையாதே என்று. சொல்லிவிட்டு அடுத்த தாள்கட்டை மாமியின் மேசைமேல் வைத்தார். பாராட்டை இப்படிக் கட்டுக்கட்டாகக் கொடுக்க முடியும் என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

மாமி ஓய்வு பெறும் மாதம் வந்தது. ஒரே தட்டச்சர் என்பதால் தன் மங்களபத்திரத்தையும் அவரே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அதில் இருந்த விசித்திரம் யாருக்கும் தோன்றவில்லை. வழக்கம்போலப் பெயரை மாற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

“இந்த டயர்லெஸ்லியை எடுத்துடு.”

“எல்லாருக்கும் போடறதுதானே, மாமி?”

“எல்லாருக்கும் போட்டுக்கோ. எனக்கு வேண்டாம். இதைச் சொல்லிச் சொல்லியாக்கும் என் தலையில கட்டினா. போகும்போது கண்ணாடி போட்டு வேற தரணுமா? ஆத்துல மாட்டி நான் தினம் பாக்கணுமா?”

“அப்போ வேற என்ன போடறது?”

“களைச்சுப் போனாள், ஆனாலும் வந்தாள்னு போடு.”

“சூப்பிரண்டெண்ட் சார் என்னைக் கொன்னுடுவார், மாமி. நான் டெம்பரரி.”

“பயந்தாங்கொள்ளி. நீ எழுதிக் கொடு. அடிக்கறது நானாக்கும்.”

எழுதிக் கொடுத்தேன். துணிச்சலில் அல்ல, அவர் நெற்றியில் தையல் இருந்தது.

விழாவில் சூப்பிரண்டெண்ட் தாளைப் பார்க்காமலே வாசித்தார். அத்தனை வருடப் பழக்கம். மூக்குக்கண்ணாடிகூடப் பையில்தான் இருந்தது. அந்த இடம் வந்ததும் வலது கையை உயர்த்தி, குரலை ஏற்றி, “டயர்லெஸ்லி” என்றார்.

“சார், அது அதுல இல்லை,” என்றார் மாமி, நாற்காலியில் இருந்தபடியே.

சூப்பிரண்டெண்ட் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், பல நாள் களைத்திருந்தார், ஆனாலும் வேலைக்கு வந்தார் என்ற ஆங்கில வாக்கியத்தை மெதுவாக வாசித்தார். “இது ஆரா எழுதியது?” என்று நிமிர்ந்தார். நான் மிக்சரில் நிலக்கடலை தேட ஆரம்பித்தேன்.

“அடிச்சது நான்,” என்றார் மாமி.

முதலில் கைதட்டியது தங்கப்பன் சார். ஓய்வு பெற்ற பிறகும் பழம்பொரிக்காக எல்லா விழாக்களுக்கும் வந்துவிடுவார். விழித்திருந்த ஒரு மதியத்தை அவர் வீணாக்கவில்லை.

பிறகு நான் பத்திரிகைக்குப் போய், இரங்கல் குறிப்புகளில் அந்த வார்த்தை வந்தபோதெல்லாம் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். அடிக்க அடிக்க வந்தது. அதற்கும் களைப்பில்லை. மாமியின் இயந்திரம் ஏலத்தில் போயிற்று. அந்த அறையில் இப்போது கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். கார்பன் வாடை இல்லை, கரப்பான் இருக்கிறது.

மாமியின் தம்பி மகன் ஹரியைக் கூப்பிட்டேன். கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் மென்பொருள் வேலை. துக்கம் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்க முடியுமா என்றேன். அத்தைக்கு அது பிடிக்காது என்றேன்.

“அது ஆப்ல தானா வர்றது, அங்கிள். பேரும் வயசும் போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். எல்லா குரூப்பிலயும் போயாச்சல்லோ.”

ஒன்பது மணிக்கு வலியசாலைக்கு, மாமி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாமியின் புகைப்படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மங்களபத்திரத்தின் மரச்சட்டத்தை அடையாளம் தெரிந்தது.

“இதுல ஒரு தாள் இருந்ததே, ஹரி?”

“கடை ஒண்ணும் திறக்கலை, அங்கிள். அவசரத்துக்கு இந்த ஃப்ரேமைத்தான் எடுத்தேன்,” என்று சட்டத்தைத் திருப்பிக் காட்டினான்.

படம் ஆடாமல் இருக்க, தாளை நாலாக மடித்துப் பின்னால் வைத்திருந்தான்.